சிட்னியின் கூட்டத்தைத் திருப்பிய வீரர்

குழந்தைகளே! கால்பந்து என்றதும் நமக்கு உருண்டைப் பந்துதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவிலோ ஊருக்கு ஒரு கால்பந்து! மெல்போர்ன் மக்களுக்கு, 1859-ல் தங்கள் ஊரில் விதிகள் எழுதப்பட்ட 'ஆஸ்திரேலியக் கால்பந்து' தான் உயிர். அணிக்கு 18 பேர். முட்டை வடிவப் பந்து. சிட்னி மக்களுக்கு ரக்பிதான் எல்லாம். அந்த ரக்பியிலும் யூனியன், லீக் என இரண்டு வகை உண்டு. யூனியனில் அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். லீக் ஆட்டத்தின் பக்கம் சிட்னி மக்களைத் திருப்பியவர்களில் முதன்மையானவர் டேலி மெசஞ்சர்.

இவர் 1883 ஏப்ரல் 12-ல் சிட்னியில் பிறந்தார். இயற்பெயர் ஹெர்பர்ட் ஹென்றி. குழந்தையாக இருந்தபோது தொப்பையுடன் இருந்ததால், டேலி என்ற அரசியல் தலைவரின் பெயரைச் சொல்லிச் செல்லமாக அழைத்தனர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தந்தை படகுப் பந்தய வீரர். படகு கட்டும் பட்டறை வைத்திருந்தார். டேலியும் அங்கே வேலை செய்தார். உயரம் அதிகமில்லை. ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து உதைத்தாலும் பந்து கம்பங்களுக்கு நடுவே பறக்கும்!

அந்தக் காலத்தில் சிட்னியில் ரக்பி யூனியன்தான் ராஜா. 1907-ல் நியூசிலாந்து அணி வந்தபோது ஓர் ஆட்டத்தைக் காண சுமார் 50,000 பேர் திரண்டனர். டிக்கெட் பணம் குவிந்தது. ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்களில் பலர் அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்கள். அடிபட்டுப் படுத்தால் கூலி போய்விடும். அலெக் பர்டன் என்ற வீரர் காயமடைந்து வேலைக்குப் போக முடியாமல் தவித்தார். சங்கம் உதவவில்லை. வீரர்கள் மனம் கொதித்தனர்.

இங்கிலாந்தில் இதே கூலிப் பிரச்சினையால் 1895-லேயே சில கிளப்புகள் யூனியனிலிருந்து பிரிந்திருந்தன. அந்த வழியில் 1907 ஆகஸ்டில் சிட்னியிலும் 'ரக்பி லீக்' பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் விக்டர் டிரம்பர்! ஆனால் புதிய ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்? மக்கள் மனம் கவர்ந்த மெசஞ்சர் வந்தால்தான் கூட்டம் வரும் என்று அமைப்பாளர்கள் உணர்ந்தனர்.

மெசஞ்சருக்கு அது எளிதான முடிவு அல்ல. அப்போதுதான் யூனியனின் ஆஸ்திரேலிய அணிக்கு ஆடியிருந்தார். லீக்கில் சேர்ந்தால் யூனியன் கதவு சாத்தப்படும். இருந்தும் துணிந்தார். ஆகஸ்ட் 17-ல் நடந்த முதல் ஆட்டத்துக்குச் சுமார் 20,000 பேர் வந்தனர். யூனியன் அவரை விலக்கியது. தன் பதிவேடுகளிலிருந்து அவர் பெயரையும் நீக்கியது.

நியூசிலாந்து லீக் அணியுடன் இங்கிலாந்து சென்று ஆடித் திரும்பினார் மெசஞ்சர். 1908-ல் சிட்னியில் லீக் போட்டிகள் தொடங்கின. முதலில் பணத்துக்குத் திண்டாட்டம்தான். 1909-ல் யூனியனின் முன்னணி வீரர்கள் பலர் லீக்குக்கு மாறினர். கூட்டமும் அவர்கள் பின்னால் வந்தது. 1911-ல் ஒரே பருவத்தில் 270 புள்ளிகள் குவித்து அசத்தினார் மெசஞ்சர். 1911 முதல் 1913 வரை அவரது ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணி தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்றது. 1913-ல் ஓய்வு பெற்றார். 1959 நவம்பர் 24-ல் தமது 76-வது வயதில் மறைந்தார்.

பிற்காலத்தில் ஒரு நகரின் ஆட்டம் மற்ற நகரிலும் கால் பதித்தது. 1982-ல் மெல்போர்னின் ஓர் ஆஸ்திரேலியக் கால்பந்து அணி சிட்னிக்கு இடம் பெயர்ந்தது. 1998-ல் மெல்போர்னிலும் ஒரு லீக் அணி உருவானது. கூட்டத்துக்கான போட்டி இன்றும் ஓயவில்லை.

ஆண்டுதோறும் லீக்கின் சிறந்த வீரருக்கு 'டேலி எம்' பதக்கம் தருகிறார்கள். அவர் பெயரை நீக்கிய யூனியனும், நூறு ஆண்டுகள் கழித்து 2007-ல் அதை மீண்டும் பதிவேட்டில் சேர்த்தது. உழைப்பவனுக்கு உரிய கூலி வேண்டும் என்ற நியாயத்தின் பக்கம் நின்றவரின் பெயர் அழியவில்லை, பார்த்தீர்களா!