கடல் கடந்து தொழில் கற்ற இராம்சிங் மாலம்

கைகளையே கலமாகக் கொண்டு உணவேற்கும் முனிவர்களை வணங்கும் நமக்கு வெள்ளிக் கலங்களின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். அவ்வரலாற்றின் இடையே ஒரு சமண யதியும் நிற்கின்றார். ஆதலின் எழுதத் துணிந்தோம்.

இராம்சிங், சௌராட்டிரத்தின் ஓகா மண்டலத்தைச் சார்ந்தவர், 18ஆம் நூற்றாண்டினர். மாலம் என்பது தொழிற்பெயர். நாம் வழங்கும் மாலுமி என்னும் சொல்லும் அதே அரபு மூலத்தினின்று வந்ததே. ஆப்பிரிக்கா நோக்கிச் சென்ற அவரது மரக்கலம் கடலில் உடைந்தது. ஒல்லாந்தர் கப்பல் ஒன்று அவரைக் காத்துத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றது. நமது பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கொண்டிருந்த அதே ஒல்லாந்தர்தாம்! அங்கே ஏறத்தாழ 18 ஆண்டுகள் தங்கிக் கண்ணாடி ஊதுதல், ஓடு சுடுதல், கடிகாரம் செய்தல், எனாமல் வேலை ஆகியவற்றைக் கற்றார் எனக் கட்ச் மக்கள் வழிவழியாகக் கூறுவர். பீரங்கி வார்க்கவும் கற்றார். உயிர் கொல்லும் அத்தொழிலை நாம் போற்றுவதற்கில்லை.

தாயகம் திரும்பியவரைச் சொந்த மண்ணில் ஆதரிப்பார் இல்லை என்பர். கற்ற தொழில் கையோடு அழிந்துபோகும் நிலை. அப்போது கை கொடுத்தவர், 1741இல் கட்ச் நாட்டின் ஆட்சியைக் கைக்கொண்ட இலக்பத்ஜி. புஜ் நகரில் அம்மன்னருக்காக ஆயினா மகால் என்னும் கண்ணாடி மாளிகையை இராம்சிங் அமைத்தார். சலவைக்கல் சுவரெங்கும் நிலைக்கண்ணாடிகள், ஒல்லாந்து முறையில் சுட்ட ஓடுகள், நடுவே நீரூற்று. 2001 சனவரி 26 அன்று நேர்ந்த நிலநடுக்கம் அம்மாளிகையைப் பெரிதும் சிதைத்தது.

அதே அவையில்தான் கனககுசலர் என்னும் சமண யதி வீற்றிருந்தார். விரஜ மொழியில் செய்யுள் இயற்றப் பயிற்றும் பாடசாலையை 1749இல் நிறுவிய மன்னர், அதன் தலைமையை இவரிடமே ஒப்படைத்தார். சொல்லுக்கு ஒருவர், உலைக்கு ஒருவர். இலக்பத்ஜி 1761இல் மறைந்தார்.

கட்ச் வெள்ளி வேலையின் புகழுக்கும் இராம்சிங்கின் பயிற்சியே வித்து என்பது அந்நாட்டு மரபு. கலத்தினுள் அரக்கு நிரப்பி, வெளிப்புறம் உளியால் தட்டித் தட்டி, கொடியும் இலையும், இடையிடையே பறவையும் விலங்கும் எழுப்புவர். இடைவெளியே தெரியாத வேலைப்பாடு! 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் உணவு மேசைக்கு வேண்டிய தேநீர்க் கெண்டிகளும் பாற்குவளைகளும் தட்டுகளும் புஜ் நகரத்துப் பட்டறைகளிலிருந்தே சென்றன. அவற்றுள் தலைசிறந்தவை அரண்மனைத் தட்டார் ஊமர்சி மாவ்ஜி செய்தவை. கலத்தின் அடியில் 'ஓ.எம். புஜ்' என்னும் சிறு முத்திரை இருக்கும்.