ஒஸ்லோவுக்கு வரமுடியாத கைதி

1936 டிசம்பர் 10ஆம் நாள் ஒஸ்லோவில் நோபல் சமாதானப் பரிசு விழா நடைபெற்றது. பரிசுக்குரிய கார்ல் வொன் ஒசியெட்ஸ்கி அங்கு இல்லை. பேர்லினில் மருத்துவமனையொன்றில், பொலிஸ் காவலில், காசநோயுடன் அவர் கிடந்தார்.

1889இல் ஹம்பேர்க் நகரில் பிறந்த இவர் ஒரு பத்திரிகையாளர். ஜேர்மனி இரகசியமாக விமானப்படை அமைத்துவருவதை இவரது வார ஏடு 1929இல் அம்பலப்படுத்தியது. அதற்காகச் சிறை சென்றார். தப்பியோடுமாறு நண்பர்கள் வற்புறுத்தியும் மறுத்தார். 1933 பெப்ரவரி 28ஆம் நாள் மீண்டும் கைதாகி வதைமுகாமில் அடைக்கப்பட்டார்.

1935இல் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி கார்ல் புர்க்ஹார்ட் எஸ்டர்வேகன் முகாமுக்குச் சென்று, இவரைப் பெயர் சொல்லிக் கேட்டார். அவர்முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது, வெளிறி நடுங்கும் சிதைந்த உருவம். வெளியுலகின் விசாரிப்புகள் பெருகவே, 1936 மே மாதம் ஒசியெட்ஸ்கி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்.

அவருக்குப் பரிசு கோரி ஒஸ்லோவில் உழைத்தவர்களுள், 1933இல் 19 வயதில் இங்கு அகதியாக வந்த வில்லி பிராண்டும் ஒருவர். நோர்வே அரசுக்கோ சங்கடம். பரிசு முடிவு அரசின் செயலாகத் தோன்றாதிருக்க, வெளிநாட்டமைச்சர் கூட் தெரிவுக்குழுவிலிருந்து விலகிநின்றார். பெரிய அயலவனுக்கு அஞ்சும் சிறிய நாட்டின் தயக்கம் அது; விளங்கிக்கொள்ளலாம், மெச்ச இயலாது.

பரிசை மறுக்கும்படி கோரிங் நெருக்கியும் ஒசியெட்ஸ்கி இணங்கவில்லை. ஒஸ்லோ செல்ல அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கப்படவில்லை. பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை அவரது வழக்கறிஞரே கையாடினார். 1938 மே 4ஆம் நாள், காவல் நீங்காமலே, பேர்லினில் அவர் காலமானார்.