கம்பியில்லாச் சிறை

செருமனியின் ஹாம்பர்க் நகரில் 1844ஆம் ஆண்டு பிறந்தவர் கார்ல் ஹாகன்பெக். மீன் வணிகரான தந்தை, வலையில் சிக்கிய கடல்நாய்களை மரத்தொட்டியிலிட்டுக் காசு பெற்றுக் காட்டியதே அக்குடும்பத்தின் விலங்கு வணிகத்திற்கு வித்தாயிற்று. மகன் காலத்தில் அது ஆப்பிரிக்கக் காடுகள்வரை படர்ந்தது. யானைக்கன்றைப் பிடிக்கத் தாயைக் கொல்வது அந்நாளைய வழக்கம்; பிடிபட்டவற்றுள்ளும் பல வழியிலேயே மடிந்தன. 1874இல் சாமி இன மக்களையும் பனிமான்களோடு காட்சிக்கு நிறுத்தினார்.

எனினும் சாட்டையை விலக்கி, உணவாலும் பரிவாலும் விலங்குகளைப் பழக்கும் முறையைப் பரப்பியவரும் அவரே. 1907இல் ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த பூங்காவில் கம்பிகள் இல்லை. சிங்கம் தாவும் தொலைவை அளந்து வெட்டிய அகழியே காவலாயிற்று. அது காண்போரின் உறுத்தலைக் குறைத்ததேயன்றி, விலங்கின் சிறையை நீக்கவில்லை என்றே கூறவேண்டும். 1913இல் ஹாகன்பெக் மறைந்தார்; அவ்வகழியமைப்பை உலகின் விலங்குக் காட்சிச்சாலைகள் பல ஏற்றுக்கொண்டன.