தமியான் அடிகள்

உயிர்கள் யாவும் தம்மைக் காத்துக்கொள்ளவே விழைகின்றன. சிற்றெறும்பும் நீரைக் கண்டால் விலகி ஓடுகின்றது. உலகத்து இயற்கை இவ்வாறிருக்க, தன்னலத்தை மறுத்துத் தன் சிலுவையைத் தானே சுமந்து தம்மைப் பின்பற்றுமாறு இயேசு பெருமான் தம் சீடர்க்கு அறிவுறுத்தினார். தன் உயிரையே பெரிதெனப் போற்றிக் காப்பவன் அதனை இழப்பான் என்பதும், அன்பின்பொருட்டு அதனை இழக்கத் துணிபவன் அழியா வாழ்வைப் பெறுவான் என்பதும் அவர்தம் அறிவுரையின் கருத்தாகும். இழப்பவன் பெறுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு ஏடுகளில் விடை எழுதினோர் பலர். வாழ்ந்து காட்டி விடை கூறினோர் சிலர். அச்சிலருள் ஒருவர் தமியான் அடிகள் ஆவார்.

பெல்ஜியம் நாட்டில் திரமேலோ என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு என்பது. தந்தையார் தானிய வாணிகர். தம் தொழிலை இம்மைந்தர் ஏற்று நடத்துவார் என எதிர்பார்த்தார். மைந்தரின் உள்ளமோ துறவை நாடிற்று. அவர்தம் தமையனார் முன்னரே லூவேன் நகரத்து மடம் ஒன்றில் துறவியாகியிருந்தார். யோசேப்பும் 1859இல் அங்கே சென்று சேர்ந்து, தமியான் என்னும் துறவுப் பெயர் பூண்டார்.

அத்துறவியர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. துறவுறுதி ஏற்பவரைத் தரையில் கிடத்திப் பிணத்தை மூடும் துகிலால் போர்த்துவர். தனக்கென வாழ்ந்தவன் இறந்தான். பிறர்க்கென வாழ்பவன் எழுந்தான் என்பது அச்சடங்கின் உட்பொருள். 1860இல் தமியான் அத்துகிலின்கீழ்க் கிடந்தார். பலர்க்கு அது சில நொடியில் முடிந்துவிடும் சடங்கு. அவர்க்கோ அது வாழ்நாள் முழுவதும் மறவாத உறுதியாயிற்று.

பசிபிக்குப் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று தொண்டு புரியும் பணி 1863இல் தமையனார்க்கு அமைந்தது. அவ்வேளையில் அவரைக் கொடிய காய்ச்சல் பற்றிக்கொண்டது. தமையனார்க்கு மாறாகத் தம்மை விடுக்குமாறு தமியான் சபைத் தலைவர்க்கு மடல் எழுதி இசைவு பெற்றார். 1864ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கி, அவ்வாண்டு மே மாதத்திலேயே குருப்பட்டம் பெற்றார். பின்னர் ஒன்பது ஆண்டுகள் ஹவாய் என்னும் பெருந்தீவில் மலையும் காடும் கடந்து மக்களிடையே தொண்டாற்றினார்.

அக்காலத்தில் அத்தீவுகளில் தொழுநோய் விரைந்து பரவிற்று. நோயுற்றோரைப் பிரித்து வைக்க வேண்டுமென 1865இல் அரசு சட்டம் இயற்றியது. மொலோகாய்த் தீவின் வடபால் ஒரு நிலமுனை உண்டு. அதற்கு மூன்று புறமும் கடல். எஞ்சிய ஒரு புறம் வானளாவிய செங்குத்துப் பாறை. 1866 முதல் நோயாளர்கள் அங்குக் கொண்டு விடப்பட்டனர். கணவனை மனைவியிடமிருந்தும், சேயைத் தாயிடமிருந்தும் சட்டம் பிரித்தது. போதிய வீடில்லை, நல்ல நீரில்லை, இறந்தோரை முறைப்படி அடக்கம் செய்வாரும் இல்லை. நம்பிக்கை இழந்தவரிடையே ஒழுக்கமும் நிலைகுலைந்தது.

அம்மக்களிடம் முறைவைத்துச் சென்று தங்கக் குருமார் நால்வர் முன்வந்தனர். முதலில் சென்றவர் தமியான். 1873ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் அவர் அந்நிலத்தில் கால்வைத்தார். அப்போது அவர்க்கு வயது முப்பத்துமூன்று. தங்க இல்லம் இன்மையால் தொடக்கத்தில் தாழை இனத்து மரமொன்றின் அடியில் உறங்கினார். சில நாள்களிலேயே, தம் முறை முடிந்தாலும் அங்கேயே இருக்க விரும்புவதாகத் தலைவர்க்கு எழுதினார்.

அவர் கை தச்சனது கையாயிற்று, உழவனது கையாயிற்று, மருத்துவனது கையுமாயிற்று. வீடுகள் கட்டினார், நல்ல நீர் குழாய் வழியே ஊருக்கு வரத் துணை நின்றார், அழுகிய புண்களைக் கழுவிக் கட்டினார், பெற்றோரற்ற சிறார்க்கு இல்லம் அமைத்தார். இறந்தோர்க்குப் பெட்டி செய்து, குழியும் தம் கையாலேயே தோண்டினார். விரல் குறைந்தோரும் இசைக்கருவி வாசிக்கப் பழகினர். நோயாளரைத் தொடுதல் தகாது என்பது அந்நாளைய எச்சரிக்கை. அவர்தம் கலத்தில் உண்ணாதவன் எங்ஙனம் அவர்க்கு உறவினன் ஆவான் என்று எண்ணிய அடிகள் அவ்வெச்சரிக்கையைக் கைவிட்டார். அறவுரை நிகழ்த்துங்கால் கேட்போரை வேறாகப் பிரித்து விளியாமல், தம்மையும் தொழுநோயாளருள் ஒருவராக வைத்தே பேசினார்.

துணையின்றித் தனித்தவனைத் தமிழில் தமியன் என்பர். அடிகளும் தனிமைத் துயரை நன்கறிந்தவரே. பிறிதொரு குருவிடம் தம் குற்றங்களை மறைவாகக் கூறி மன்னிப்புப் பெறுதல் கத்தோலிக்கக் குருமார்க்கும் உரிய கடமை. ஒருகால் சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, அவரைக் கரையிறங்கவிடக் கப்பலோர் மறுத்தனர். அடிகள் சிறு படகில் கப்பலருகே சென்று, அண்ணாந்து நோக்கி, உரத்த குரலில் தம் குற்றங்களை எடுத்துரைத்தார். மானத்தையும் மறுத்தாலன்றித் தன்னை மறுத்தல் முற்றுப்பெறாது போலும்!

1884ஆம் ஆண்டு இறுதியில் ஒருநாள் கொதிக்கும் நீரில் அவர் கால் பட்டது. கால் வெந்தது, வலி தோன்றவில்லை. தம்மையும் நோய் பற்றிவிட்டது என்பதை அவர் உணர்ந்தார். ஆயினும் பணியை நிறுத்தினாரல்லர். 1886இல் யோசேப்பு தட்டன் என்னும் அமெரிக்கரும், 1888இல் மரியான் அன்னையாரும் வந்து துணைநின்றனர். 1889ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் அகவையில், அடிகள் உயிர் நீத்தார். முன்னர் உறங்க நிழல் தந்த மரத்தின் அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

வீணே உயிரைப் போக்கிக்கொண்டார் என அவரை இகழ்ந்தோர் உண்டு. பழி தூற்றிய ஒருவர்க்கு மறுப்பாக ஆங்கில எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1890இல் வெளிப்படையான மடல் ஒன்றை எழுதினார். அடிகள் சாவை நாடியவர் அல்லர். நோய் கண்டபின் ஹொனலூலு சென்று மருத்துவமும் செய்துகொண்டார். உடலை வெறுத்திருப்பாராயின் பிறர் உடலின் புண்ணைப் பதினாறு ஆண்டுகள் கழுவியிரார். தன்னை மறுத்தல் என்பது தன்னை வெறுத்தல் அன்று. தன்னைக் காப்பதே முதற்கடமை என்னும் எண்ணத்தை அன்பின்முன் விட்டுக்கொடுத்தலே ஆகும். அழியா வாழ்வும் சாவிற்குப் பின்னர் மட்டும் தொடங்குவதன்று. கைவிடப்பட்ட மக்கள் தம்மை மீண்டும் மாந்தராக உணர்ந்த அந்நாளிலேயே அவ்வாழ்வு அங்கே தொடங்கிவிட்டது.

அடிகள் மொலோகாய் அடைந்த 1873ஆம் ஆண்டிலேயே, நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்தார். இன்று அந்நோய் மருந்தினால் முற்றும் குணமாகின்றது. ஹவாயில் நோயாளரைப் பிரித்துவைக்கும் முறை 1969இல் நீங்கிற்று. அடிகளின் உடல் 1936இல் பெல்ஜியத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது. ஆயினும், புண் கழுவிய அவ்வலக்கை மட்டும் 1995இல் மொலோகாய்க்கே திரும்பி வந்தது. 2009இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் எனப் போற்றியது.

மூட்டையில் கட்டிக் காத்த நெல் மூட்டையளவே நிற்கும். மண்ணில் விழுந்து தன் வடிவை இழந்த நெல்லே கதிராகும். தானிய வாணிகரின் மைந்தர் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தார்.