பேராசிரியர் நேகம்வாலா

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியராக அமர்ந்தவர் கவாஸ்ஜி தாதாபாய் நேகம்வாலா. 1857இல் பிறந்த பார்சிக்காரர். விண்மீனின் ஒளியைப் பிரித்து அதன் இயல்பை அறியும் நிறமாலை ஆராய்ச்சியில் அவருக்குத் தணியாத வேட்கை. அதற்கெனப் பவநகர் மன்னர் தக்தசிங்ஜி ரூ. 5,000 அளித்தார், பம்பாய் அரசும் கைகொடுத்தது. 1888இல் புனே அறிவியல் கல்லூரியில் மன்னர் பெயரால் வான்காட்சி நிலையம் எழுந்தது. 20 அங்குல ஆடி கொண்ட அதன் தொலைநோக்கியே அந்நாளில் இந்தியாவில் பெரியது.

இது எளிய பணியன்று. பூமி சுழல்வதால் விண்மீன் மெல்ல நகரும். தொலைநோக்கி அதைப் பின்தொடர வேண்டும். மேலுள்ள குவிமாடத்தையும் அவ்வப்போது சுழற்றி, அதன் திறப்பை விண்மீனுக்கு நேராக்க வேண்டும். பகலில் வகுப்பு, இரவில் வானம் என வாழ்ந்தார் பேராசிரியர்.

1898 ஜனவரி 22ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஜேவூரில் ஆராய்ந்தார். மும்பையிலிருந்து சோலாப்பூர் வழியே ரயிலில் ஊர் செல்லும் நாம், கவனியாமல் கடந்துபோகும் சிற்றூர் அது.

1912இல் அவர் ஓய்வு பெற்றார். அத்துடன் நிலையமும் மூடப்பட்டது. தொலைநோக்கி நம் கொடைக்கானல் மலைக்குச் சென்றது. 1938இல் நேகம்வாலா மறைந்தார்.

மாணவ நண்பர்களே, தொலைநோக்கியைப் பொருள் கொடுத்து வாங்கலாம். அதன்முன் விழித்திருக்கும் அடுத்த மாணவனை வளர்த்தே பெற வேண்டும்.