பிள்ளைகளுக்காகப் போராடிய தாய்

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால் பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும்? அவர்களுடைய சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் யார் பணம் தர வேண்டும்? இக்கேள்விகளோடு பங்கு இல்லத்தின் கதவைத் தட்டும் தாய்மாரை நாம் அறிவோம். இன்று நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. ஆனால் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பிள்ளைகள் மீதான உரிமை முழுவதும் தந்தைக்கே இருந்தது. அந்நிலை மாறக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவரான கரோலின் நார்ட்டன் அம்மையாரை இன்று நினைவுகூருவோம்.

1808-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த இவர், நாடக ஆசிரியர் ரிச்சர்ட் ஷெரிடனின் பேத்தி. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 1827-இல், தம் பத்தொன்பதாம் வயதில், ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞருக்கு வாழ்க்கைப்பட்டார். கணவர் முன்கோபி, கைநீட்டுபவர். மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். கரோலின் கவிதையும் கதையும் எழுதிச் சம்பாதித்தார். ஆனால் அந்தக் காசும் சட்டப்படி கணவருடையதே.

1836-இல் சண்டை முற்றியது. அவர் வீட்டில் இல்லாத வேளையில் கணவர் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டார். அதோடு நிற்காமல், பிரதமர் மெல்போர்ன் பிரபுவோடு தம் மனைவிக்குத் தகாத உறவு என்று வழக்கும் போட்டார். ஊரறிய அலசப்பட்டது கரோலினுடைய நடத்தை. ஆனால் வழக்கு இரண்டு ஆண்களுக்கு இடையிலானது என்பதால் அவர் வாய் திறக்கவே வழியில்லை. நடுவர் குழு வழக்கைத் தள்ளியது. பழி நீங்கியும் பிள்ளைகள் வரவில்லை. ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்ட அவர்களைப் பார்க்கக்கூட தாய்க்கு உரிமை இல்லை.

அழுதுகொண்டே இருந்திருக்கலாம். அவரோ பேனாவை எடுத்தார். தாய்மாரின் நிலையை விளக்கிச் சிறு நூல்கள் அச்சிட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சேர்த்தார். டால்ஃபோர்ட் என்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். 1838-இல் பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. மறு ஆண்டே, 1839-இல், அது சட்டமானது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், மற்றப் பிள்ளைகளைச் சந்திக்க அனுமதிக்கும்படியும் தாய் நீதிமன்றத்தை நாடலாம் என்றது அச்சட்டம். மனு செய்யலாம் என்பதுதான். முடிவு நீதிபதியின் கையில். விபசாரக் குற்றம் நிரூபிக்கப்பட்டவளுக்கு அதுவும் இல்லை. குறைவான உரிமைதான், என்றாலும் ஒரு கதவு திறந்தது.

ஆனால் அச்சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. பிள்ளைகள் இருந்ததோ அங்கே. யாருடைய கண்ணீரால் சட்டம் வந்ததோ அவருக்கே அது உதவவில்லை. 1842-இல் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். காயம் விஷமாகி இறந்தான். தாய் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன் பிறகே மற்ற இருவரும் தாயோடு தங்கக் கணவர் மனமிரங்கினார்.

பின்னர் வந்தது ஜீவனாம்சப் பிரச்சினை. ஆண்டுதோறும் இன்ன தொகை தருவதாகக் கணவர் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். கரோலினுக்குத் தாய்வழிப் பணம் கிடைத்ததும் அதைக் காரணம் காட்டித் தர மறுத்தார். 1853-இல் விவகாரம் நீதிமன்றம் ஏறியது. கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள். ஒரே ஆள் தன்னோடு தானே ஒப்பந்தம் செய்ய முடியாது. எனவே அந்தப் பத்திரம் செல்லாது என்றாகிவிட்டது. இருவரும் ஓருடல் என்று விவிலியம் சொல்வது ஒருவர் மற்றவரைப் பட்டினி போடுவதற்காக அல்லவே!

மீண்டும் எழுதினார். 1855-இல் விக்டோரியா அரசிக்கே பகிரங்கக் கடிதம் வரைந்தார். 1857-இல் வந்த திருமணச் சட்டம் மணமுறிவுக்கு வழி திறந்தது. அதை நாம் ஏற்க இயலாது. ஆனால் கைவிடப்பட்ட மனைவியின் சம்பாத்தியத்தைக் கணவன் பறிக்காதபடி அதே சட்டம் காத்தது. ஜீவனாம்சத்தை அவள் சார்பில் ஒரு பொறுப்பாளரிடம் செலுத்தும்படி நீதிமன்றம் ஆணையிடவும் வகை செய்தது. இவற்றில் கரோலினின் உழைப்பு தெரிகிறது. இத்தனைக்கும் ஆணுக்குப் பெண் சமம் என்று அவர் வாதாடியதில்லை. பலவீனருக்குச் சட்டம் காவலாக இருக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது.

1873-இல் மற்றொரு சட்டம் ஏழு என்ற வயது வரம்பைப் பதினாறாக உயர்த்தியது. வில்லியம் இறந்து அப்போது 31 ஆண்டுகள். 1875-இல் கணவர் காலமானார். 1877 மார்ச்சில் நெடுநாள் நண்பரான ஸ்டெர்லிங் மாக்ஸ்வெல்லை மணந்த கரோலின், அவ்வாண்டு ஜூன் மாதமே தமது 69-ஆம் வயதில் மறைந்தார்.