மலைப்பாதைக்கு வந்த சின்ன வண்டி: கொல்லன் மகன் ஹோண்டாவின் கதை

வார நாட்களில் ஆபீசுக்குப் போக உதவும். ஞாயிற்றுக்கிழமையானால் தார்ச்சாலையை விட்டு இறங்கி, ஒற்றையடிப் பாதையிலும் ஆற்று மணலிலும் மலைச்சரிவிலும் ஏறி ஓடும். இப்படி இரண்டுக்கும் பயன்படும் எடை குறைந்த மோட்டார் சைக்கிளை "டிரெயில்" வண்டி என்கிறார்கள். மட்கார்டு உயரத்தில் இருக்கும். டயரில் கட்டை கட்டையாகப் பற்கள் இருக்கும். விழுந்தால் ஓட்டுகிறவரே தனியாகத் தூக்கி நிறுத்திவிடலாம். இந்த ரக வண்டியை உலகமெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜப்பானைச் சேர்ந்த சொய்ச்சிரோ ஹோண்டா. ஆனால் அந்த யோசனை அவருடைய மூளையில் உதித்ததல்ல. எங்கோ ஒரு மலைநாட்டில் இருந்த கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது. அதைக் காதில் வாங்கிக் கொண்டதுதான் ஹோண்டாவின் சாமர்த்தியம்.

ஹோண்டா 1906-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, ஹமாமட்சு நகருக்கு அருகே கோம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை கிஹெய் கொல்லர். பட்டறையில் உழவுக் கருவிகளோடு சைக்கிள் ரிப்பேரும் நடந்தது. தாயார் தறி நெய்தவர். ஒரு நாள் கிராமத்துக்கு முதன்முதலாக ஒரு மோட்டார் கார் வந்தது. சிறுவன் அதன் பின்னாலேயே ஓடினான். கார் நின்ற இடத்தில் சொட்டியிருந்த எண்ணெயைக் குனிந்து முகர்ந்து பார்த்தான். அந்த வாசனையைக் கடைசி வரை மறக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டையில் வீட்டார் முத்திரை வைத்துத் தரவேண்டும். மார்க் குறைவு என்பதால் சைக்கிள் பெடல் ரப்பரைச் செதுக்கிக் கள்ள முத்திரை செய்து கொண்டான். சிநேகிதர்களுக்கும் செய்து கொடுத்தான். அங்கேதான் மாட்டிக் கொண்டான். ஹோண்டா என்ற பெயரை ஜப்பானிய எழுத்தில் மேலிருந்து கீழாக எழுதினால் வலமும் இடமும் ஒன்று போலவே இருக்கும். திருப்பிச் செதுக்க வேண்டும் என்ற விஷயமே அவனுக்குத் தெரியவில்லை. மற்றப் பையன்களின் பெயர்கள் தலைகீழாக விழுந்து குட்டை உடைத்துவிட்டன.

டோக்கியோ பட்டறை

1922-ல் தொடக்கக் கல்வி முடிந்ததும் டோக்கியோவில் ஆர்ட் ஷோக்காய் என்ற கார் ரிப்பேர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். முதல் சில மாதங்கள் கையில் ஸ்பேனர் கிடைக்கவில்லை. முதலாளியின் குழந்தை கிடைத்தது. முதுகில் கட்டிக்கொண்டு பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். 1923-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி பெரும் பூகம்பம் டோக்கியோவை நொறுக்கியது. தீ பரவியது. வாடிக்கையாளர்களின் கார்களை வெளியேற்ற வேண்டிய அவசரத்தில் பையனும் ஒரு காரில் ஏறி ஓட்டினார். ஊர் எரிகிற வேளையில் தமக்கு முதன்முதலாகக் கார் ஓட்டக் கிடைத்ததே என்று உள்ளூர மகிழ்ந்தாராம். பிள்ளை மனசு அப்படி.

ஆறு ஆண்டுகளில் தொழிலைக் கரைத்துக் குடித்தார். 1928-ல் அதே பட்டறையின் கிளையை ஹமாமட்சுவில் தொடங்கினார். கைநிறையப் பணம் வந்தது. கார் பந்தயப் பைத்தியமும் பிடித்தது. 1936-ல் டாமாகாவா பந்தயத்தில் அவர் கார் மோதிச் சிதறியது. பலத்த காயம். உடன் இருந்த தம்பியும் அடிபட்டார்.

பிறகு பிஸ்டன் ரிங் செய்யும் தொழிலில் இறங்கினார். கையில் பழகிய வித்தை இதற்குப் போதவில்லை. டொயோட்டா கம்பெனியின் சோதனைக்குப் போன 50 ரிங்குகளில் தேறியவை மூன்றே மூன்று. முப்பது வயதில் தொழிற்கல்லூரிக்குப் போய், வகுப்பில் பையன்களோடு உட்கார்ந்து உலோகம் பற்றிப் படித்தார். வேண்டியது கிடைத்ததும் பரீட்சை எழுத மறுத்துவிட்டார். டிப்ளமா இல்லை என்றார்கள். சினிமா டிக்கெட் இருந்தால் தியேட்டருக்குள்ளாவது விடுவார்கள், அந்தக் காகிதத்துக்கு அதுகூட இல்லையே என்பது அவர் கட்சி. சர்டிபிகேட் இல்லாமல் வாசற்படியில் நிறுத்தப்பட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வது கடினம். அவருக்கு அது பலித்தது.

யுத்தத்தில் விமானக் குண்டுகளும், 1945 ஜனவரியில் ஒரு பூகம்பமும் அந்தத் தொழிலை வாரிக்கொண்டு போயின. மிச்சத்தை நாலரை லட்சம் யென்னுக்கு டொயோட்டாவிடம் விற்றார். ஓராண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

தோற்ற நாட்டில் ரயிலில் காலூன்ற இடமில்லை. பெட்ரோல் ரேஷன். அரிசி வாங்க ஜனங்கள் மைல் கணக்கில் சைக்கிள் மிதித்தார்கள். அப்போதுதான் ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தரும் குட்டி எஞ்சின் ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1946-ல் அதைச் சைக்கிளில் பொருத்தினார். முதல் பெட்ரோல் டாங்க், வீட்டில் படுக்கையைச் சூடாக்க வைத்திருந்த வெந்நீர்க் குடுவை. மனைவி சாச்சி அம்மையாரை ஏற்றிவிட்டு ஊருக்குள் ஓட்டச் சொன்னார். திரும்பி வந்த அம்மையார், நல்ல உடுப்பெல்லாம் எண்ணெயாகிவிட்டது என்று கடிந்துகொண்டார். கார்புரேட்டரிலிருந்து பின்னடித்த எண்ணெய் அது. அந்தக் குறையை உடனே சரிசெய்தார். சுமார் 500 எஞ்சின்களும் விற்றுத் தீர்ந்தன. 1948 செப்டம்பரில் 34 தொழிலாளர்களுடன் ஹோண்டா மோட்டார் கம்பெனி உதயமாயிற்று.

மறு ஆண்டு தகேயோ புஜிசாவா வந்து சேர்ந்தார். பணமும் விற்பனையும் அவர் பொறுப்பு. எஞ்சின் ஹோண்டாவின் பொறுப்பு. தம் முத்திரையைக்கூட ஹோண்டா அவரிடமே விட்டுவிட்டார். சிறுவயதில் கள்ள முத்திரை செதுக்கியவர், பெரியவரானதும் நல்ல முத்திரையை இன்னொருவர் கையில் நம்பிக் கொடுத்தார்.

ஹக்கோனே ஏற்றம்

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் ஹோண்டாவுக்கு ஆகாது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து எரித்து, புகை கக்கி, படபடவென்று சத்தம் போடும் அது. செய்வது சுலபம், எடையும் குறைவு, உண்மைதான். கம்பெனியின் முதல் மோட்டார் சைக்கிள்கூட அந்த ரகம்தான். ஆனால் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினே உருப்படியானது என்பது அவர் தீர்மானம். 146 சி.சி. எஞ்சின் தயாரானது. அதற்குப் பரீட்சை வைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் மைதானமல்ல, ஹக்கோனே கணவாய். அந்த நாளில் லாரிகளே பாதி வழியில் கொதித்து நின்றுவிடும் ஏற்றம்.

1951 ஜூலை 15. புயல் மழை. கவாஷிமா என்ற இளம் எஞ்சினீயர் வண்டியில் ஏறினார். ஹோண்டாவும் புஜிசாவாவும் பெரிய ப்யூக் காரில் பின்தொடர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் கண்ணுக்கு மறைந்துவிட்டது. அமெரிக்கக் கார் பின்தங்கிவிட்டது! உச்சியில் மூவரும் மழையில் நனைந்தபடியே சந்தோஷப்பட்டார்கள். அந்தக் கவாஷிமாதான் பிற்காலத்தில் கம்பெனியின் தலைவரானவர்.

1958 ஆகஸ்டில் "சூப்பர் கப்" வெளிவந்தது. 49 சி.சி., நாலரைக் குதிரைசக்தி, விலை 55 ஆயிரம் யென். நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டே மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே இடது கையில் கிளட்ச் கிடையாது. எஞ்சின் வேகம் கூடினால் கிளட்ச் தானே பிடிக்கும், குறைந்தால் தானே விடும். கியர் மாற்றக் கால் போதும்.

அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் கடை திறந்தார்கள். வெளிநாட்டுப் பணம் எடுத்துப்போக ஜப்பானிய அரசு கெடுபிடி செய்த காலம். பெரிய வண்டிகளைத்தான் அமெரிக்கர் வாங்குவர் என்று நம்பி அவற்றையே முன்னால் வைத்தார்கள். அவர்களோ நெடுந்தூரம், நெடுவேகம் ஓட்டுகிறவர்கள். எண்ணெய் ஒழுகிற்று, கிளட்ச் தேய்ந்தது. வண்டிகளை ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பிப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. மானத்தைக் காப்பாற்றியது, ஊழியர்கள் தெருவேலைக்கு வைத்திருந்த சின்ன சூப்பர் கப்தான். பார்த்தவர்கள் எல்லாம் அதைத்தான் விசாரித்தார்கள்.

இன்னொரு விசித்திரம் நடந்தது. இடஹோ மாநிலத்தில் போய்ஸ் என்ற மலைநாட்டு ஊர். லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்தில் விற்பதைவிட அங்கே ஒரே கடையில் சூப்பர் கப் அதிகம் விற்றது. ஏன் என்று பார்க்க விற்பனை அதிகாரி போனார். அந்தக் கடைக்காரர் வண்டியின் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்தை மாட்டி, கட்டை டயர் போட்டு, வேட்டைக்காரர்களுக்கும் மீன் பிடிக்கிறவர்களுக்கும் விற்றுக் கொண்டிருந்தார். பல்சக்கரம் பெரிதானால் வேகம் குறையும், இழுவை கூடும். நிறைசுமை வண்டியை நிதானமாக இழுக்கும் மாட்டைப்போல் அது மலை ஏறிற்று. கல்லில் முட்டி நின்றாலும் கிளட்ச் தானே விட்டுக்கொடுப்பதால் எஞ்சின் அணையவில்லை. நூடுல்ஸ் பையனுக்காகச் செய்தது வேட்டைக்காரனுக்கும் உதவிற்று.

செய்தி ஜப்பானுக்குப் போயிற்று. தம் வண்டியைக் கண்டவன் வெட்டி ஒட்டுவதா என்று பல முதலாளிகள் சீறியிருப்பார்கள். ஹோண்டா கம்பெனி அதையே தொழிற்சாலையில் செய்து, 1960-களின் தொடக்கத்தில் "டிரெயில்" என்ற பெயரில் அனுப்பியது. காலை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றிவிட்டார்கள். பின்சக்கரத்தில் சிறிதும் பெரிதுமாக இரண்டு பல்சக்கரங்கள். மலையடிவாரத்தில் இறங்கி, செயினோடு ஒரு துண்டைச் சேர்த்துப் பெரிய சக்கரத்தில் மாட்ட வேண்டும். சாலைக்குத் திரும்பியதும் துண்டை எடுத்துவிட வேண்டும். பின்னால் வந்த டிரெயில் 90-ல் இந்த அவஸ்தையும் இல்லை, ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும். அதன் எடை சுமார் 85 கிலோதான். அதன் தம்பியான 110 சி.சி. வண்டியில் ஆஸ்திரேலியத் தபால்காரர்கள் பல ஆண்டுகள் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார்கள்.

1962-ல் மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில், 250 சி.சி. ஹோண்டா ஸ்கிராம்ப்ளர்களில் இருவர் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை சென்றார்கள். பாதையே இல்லாத சுமார் 1,500 கிலோமீட்டர். முதலில் வந்தவருக்கு ஆனது 40 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பின்னாளில் புகழ்பெற்ற பாஹா பந்தயத்துக்கு இதுவே முன்னோடி.

பிடிவாதம்

ஹோண்டா உத்தமர் என்று எழுதினால் அது பொய். பட்டறையில் கோபம் வந்தால் கையில் இருக்கும் ஸ்பேனர் பறக்கும். அடி வாங்கியவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பதால் அடித்தது நியாயமாகிவிடாது.

எஞ்சினைக் காற்றுதான் குளிர்விக்க வேண்டும், தண்ணீர் கூடாது என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். மோட்டார் சைக்கிளுக்குச் சரி. பந்தயக் காருக்கும் அதையே செய்தார். அபாயமானது என்று ஜான் சர்டீஸ் அந்தக் காரை ஓட்ட மறுத்தார். 1968 ஜூலையில் பிரான்சில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸர் மோதித் தீயில் கருகி மாண்டார். அதற்குப் பிறகும் ஹோண்டா அசையவில்லை. 1969-ல் இளம் எஞ்சினீயர்கள் புஜிசாவாவிடம் போய் முறையிட்டார்கள். எஞ்சினீயராக நீடிக்கப் போகிறீர்களா, தலைவராக இருக்கப் போகிறீர்களா என்று மட்டும் புஜிசாவா கேட்டார். சற்று யோசித்து, தலைவராக இருப்பதாகச் சொன்னார் ஹோண்டா. தண்ணீருக்கு அன்றே வழி பிறந்தது.

டிரெயில் வண்டியிலும் இதே போராட்டம். 1968-ல் யமஹா கம்பெனி டி.டி.1 என்ற 250 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டியை விட்டது. எடை குறைவு, இழுப்பு அதிகம். வாரக் கடைசியில் காடு மேடு சுற்றும் அமெரிக்க இளைஞர் அதன் மேல் விழுந்தார்கள். ஹோண்டாவின் பதில் 1972-ல் வந்த எக்ஸ்.எல். 250. நாலு ஸ்ட்ரோக்தான், ஒரே சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். கொள்கையை விடாமலே எடுத்த முயற்சி. ஆனால் முழுப் பந்தயத்துக்கு அது போதவில்லை. 1973-ல் ஹோண்டா பெயரிலேயே டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி வெளிவந்தது. பெரியவர் வேண்டாம் என்றிருந்ததை இளைஞர்கள் செய்து காட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் புகை குறைந்த சி.வி.சி.சி. எஞ்சினும் வெற்றி பெற்றது. அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனிகளை வெல்ல இதுவே தருணம் என்று ஹோண்டா குதூகலித்தார். இளைஞர்களோ, கம்பெனிக்காக அல்ல, ஜனங்கள் சுவாசிக்கும் காற்றுக்காகவே உழைத்ததாகச் சொன்னார்கள். தமக்கு வயதாகிவிட்டது என்று அவருக்கு அப்போது உறைத்தது. 1973 அக்டோபரில் புஜிசாவாவும் அவரும் ஒரே நேரத்தில் விலகினார்கள். பிள்ளைகளைக் கம்பெனியில் சேர்ப்பதில்லை என்பது இருவரின் முடிவு; மகனுக்கு நாற்காலி வைத்துவிட்டுப் போகவில்லை.

பிறகு ஜப்பானில் கம்பெனிக்குச் சொந்தமான தொழிற்சாலைகள், கடைகள் ஒவ்வொன்றுக்கும் போய்த் தொழிலாளர்களின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஒரு தொழிலாளி கையெல்லாம் எண்ணெய் என்று பின்வாங்கி, கழுவிவர ஓடப் பார்த்தார். ஹோண்டா விடவில்லை. அந்த எண்ணெய்க் கையைப் பற்றிக் குலுக்கி, தம் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

இந்தியாவில் அவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்த பிறகுதான். அதுவும் நாலு ஸ்ட்ரோக். பெட்ரோல் விலைக்குப் பயந்த குமாஸ்தாக்களும் பால்காரர்களும் அதை நம்பி வாங்கினார்கள். சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான வண்டி இங்கே வெகு காலம் வரவில்லை. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த பின், 2011-ல் ஹீரோ கம்பெனி இம்பல்ஸ் என்ற 150 சி.சி. டிரெயில் வண்டியை விட்டது. ஹோண்டா பிரேசிலில் விற்ற வண்டியை ஒட்டியே அது செய்யப்பட்டது.

புஜிசாவா 1988 டிசம்பரில் காலமானார். ஹோண்டா 1991 ஆகஸ்ட் 5-ந் தேதி தமது 84-வது வயதில் மறைந்தார். கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு நடத்தக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். கார் செய்து பிழைத்தவனின் சாவுக்காகக் கார்கள் குவிந்து சாலையில் நெரிசல் உண்டாகக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அப்படியே நடந்தது.